பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு

பத்து வருடம் உழைத்த மடிக்கணினி தோசைக்கல் போல் சுடுகிறதா? கபாடிக்காரரிடம் போடுமுன் சற்றுப் பொறுங்கள். பிள்ளைகளின் பாடத்துக்கும், ஊரிலுள்ள பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசவும் அது இன்னும் சில ஆண்டு உதவக்கூடும்.

சூட்டுக்கு முதற்காரணம் பெரும்பாலும் தூசிதான். காற்று வெளியேறும் வழி அடைபட்டிருந்தால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. மெக்கானிக்கிடம் கொடுத்து விசிறியைச் சுத்தம் செய்து, காய்ந்த தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள். மெத்தைமேல் வைத்து இயக்காதீர்கள்.

அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. பின்னணி வேலை குறைந்த இயங்குதளமானால் பிராசசருக்குச் சுமையும் குறையும், சூடும் குறையும். 4 ஜி.பி. ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும், 2 ஜி.பி. மட்டுமானால் ஆன்டிஎக்ஸ். இரண்டும் இலவசம்.

உடனே நிறுவிவிட வேண்டாம். முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, கேமரா, தமிழ் தட்டச்சு ஆகியவற்றைச் சோதியுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் உங்களுக்குத் தேவையென்றால் மாறாதீர்கள். மாறுவதென்று முடிவானால், குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள்.