உங்க காருக்கு மஞ்சள் காமாலையா?

காலேஜ் பார்க்கிங்ல ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. பெயின்ட் பளபளன்னு மின்னும், பாட்டு அதிரும்... ஹெட்லைட் மட்டும் மஞ்சள் பூத்து மங்கலா முழிக்கும். அப்பாகிட்ட இருந்து கைமாறின காருன்னா கேட்கவே வேணாம்!

அழகுப் பிரச்னைதானேன்னு விட்டுடாதீங்க பாஸ். அமெரிக்காவில் உள்ள 'ஏ.ஏ.ஏ' வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் இதைச் சோதிச்சுப் பார்த்தது. மங்கிப்போன ஹெட்லைட், புதுசு தர்ற வெளிச்சத்துல சுமார் 20 சதவிகிதம்தான் கொடுத்துச்சு. ராத்திரி பைபாஸ்ல லைட் இல்லாத சைக்கிள் குறுக்கே வந்தா, உங்களுக்கு எப்போ தெரியும்?

சிலர் அதிக வாட்ஸ் பல்ப் மாட்டிடுவாங்க. வேண்டவே வேண்டாம்! மங்கின லென்ஸ் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும். எதிர்ல வர்றவருக்குத்தான் கண் கூசும்.

அம்பாசிடர் ஹெட்லைட்ல இருந்தது கண்ணாடி. அதனால மஞ்சளாகலை. இப்போ வர்றது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். எடை கம்மி, லேசுல உடையாது. ஆனா, வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் அதுக்குப் பரம எதிரி. அதைத் தடுக்க கம்பெனியிலேயே மெல்லிசா ஒரு பூச்சு கொடுத்திருப்பாங்க. வருஷக்கணக்குல வெயிலும் தூசியும் அதைத் தின்னுடும். அப்புறம் பிளாஸ்டிக்கே மஞ்சளாகும். பெரும்பாலும் கெட்டுப்போறது மேல்தோல் மட்டும்தான்.

முதல்ல லென்ஸைக் கழுவி, ஈரத்தோட பாருங்க. தெளிவு கூடினா கோளாறு வெளியில, தேய்ச்சா சரியாகும். உள்பக்கம் மங்கியிருந்தாலோ, ரிஃப்ளெக்டர் உரிஞ்சிருந்தாலோ தேய்ச்சுப் பிரயோஜனம் இல்லை.

இனி வேலை. லென்ஸைச் சுத்தி பெயின்ட் மேல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. ஹார்டுவேர் கடையில கிடைக்கிற வாட்டர் பேப்பர் 600, 1000, 2000, 3000 நம்பர்ல வாங்குங்க. நம்பர் ஏற ஏற நைஸ். தண்ணி விட்டுக்கிட்டே 600-ல குறுக்கா தேய்ங்க. மஞ்சள் கரைஞ்சு ஓடும். அடுத்தது 1000, மேலும் கீழுமா. திசையை மாத்தினாத்தான் முந்தின பேப்பர் போட்ட கோடு மறைஞ்சுதான்னு தெரியும். இப்படியே மத்த ரெண்டும். நடுவுல லென்ஸ் பால் மாதிரி வெளுக்கும், பயந்துடாதீங்க! கடைசியில ரப்பிங் காம்பவுண்ட் வெச்சுத் துணியால தேய்ச்சா பளிச்!

ரொம்ப பேர் இங்கேயே முடிச்சிடறாங்க. அங்கேதான் சிக்கல். நீங்க தேய்ச்சப்போ மஞ்சளோட சேர்ந்து, மிச்சம் மீதி இருந்த பாதுகாப்புப் பூச்சும் போயிடுச்சு. சட்டையில்லாத உடம்பை வெயில்ல நிறுத்தின கதை! சில மாசத்துல திரும்ப மஞ்சளாயிடும். டூத்பேஸ்ட் வைத்தியத்துக்கும் இதே கதிதான். அதனால லென்ஸை ஆல்கஹால் வெச்சுத் துடைச்சுக் காயவிட்டு, ஹெட்லைட்டுக்குன்னே வர்ற யூ.வி. கோட்டிங் அடிங்க. ஸ்ப்ரேன்னா காத்தோட்டமான இடத்துல, மாஸ்க் போட்டுக்கிட்டு.

புதுசாவே ஆயிடுமா? இல்லை. அதே சோதனையில, சரிபண்ணின ஹெட்லைட் தந்தது சுமார் 70 சதவிகிதம். 20-ல இருந்து 70... ராத்திரி ரோட்டுல அது பெரிய வித்தியாசம்.

நேரமில்லை, பட்டறையில கொடுத்துடலாம்னு நினைக்கிறீங்களா? தாராளமா. ஆனா, ரேட் கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: ''அண்ணே, தேய்ச்சப்புறம் யூ.வி. கோட்டிங் அடிப்பீங்களா?''