ஆமைக்கு நோய்… கோளாறு எங்கே?

(இரண்டாமாண்டு, மின்னியல் துறை)



மெஷின்ஸ் லேபில் நுழைந்ததும் நமக்குச் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. மோட்டார் முனகுகிறது, சூடாகிறது, ஓட மறுக்கிறது என்றால் உடனே ஸ்பேனரைத் தூக்காதே. முதலில் சப்ளையைப் பார். மூன்று ஃபேஸில் ஒன்று வராமல் இருந்தால், மோட்டாரை நட்டு நட்டாகப் பிரித்தாலும் கோளாறு கிடைக்காது. ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை. இந்தப் பாடம் உயிருள்ள பிராணிக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்ட பிராணி, சிவப்புக்காது ஆமை. அலங்கார மீன் கடைகளில் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு, பச்சை நிறத்தில், ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக நீந்திக்கொண்டிருக்குமே, அதுதான். விஞ்ஞானப் பெயர் டிரக்கமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. "இவ்வளவுதான் வளரும்" என்று சொல்லி விற்பார்கள், நம்ப வேண்டாம். பெண் ஆமை ஏறக்குறைய ஓர் அடி நீளம் வரை வளரும். ஒழுங்காக வளர்த்தால் இருபது, முப்பது வருஷம் வாழும்.

வீடு மாறி வந்த விருந்தாளி

எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, தாங்கள் வளர்த்த ஆமையை என் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வந்த அன்றே அதன் நிலைமை சரியில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. தீனியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டை விரலால் தொட்டால் தீப்பெட்டி அட்டை மாதிரி அமுங்கியது. ஓரம் மேல்நோக்கி வளைந்திருந்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டுப் பாட்டி, "கண்ணு பட்டிருச்சு, சுத்திப் போடுங்க" என்றார். மீன் கடைக்காரர் தண்ணீரில் கலக்க ஒரு நீல மருந்து கொடுத்தார். மாமா மட்டும், "எதுக்கு வம்பு? கோயில் குளத்துல விட்டுரு, புண்ணியமாப் போகும்" என்றார். தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள்.

அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஆடு, மாடு, கோழி என்று வரிசையில் நிற்க, நடுவில் நாங்கள் பிளாஸ்டிக் டப்பாவோடு! சிரிக்காதவர் இல்லை. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. ஆமையைக் கையில் எடுக்கும் முன்பே நான்கு கேள்விகள் கேட்டார். என்ன தீனி? வெயில் படுமா? தண்ணீர் எவ்வளவு சூடு? ஏறி உட்கார மேடை உண்டா?

பழைய வீட்டில் வருஷக்கணக்காக டப்பியில் வரும் காய்ந்த இறால் மட்டும்தான் தீனி, இருப்பிடம் டியூப் லைட்டுக்குக் கீழே ஓர் அலமாரி, மேடை கிடையாது. தங்கைக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது, சொன்னாள்.

"தம்பி, இது மூணு வியாதி இல்ல. அதுக்கு வேண்டியது எதுவும் போய்ச் சேரல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அதாவது, சப்ளை கோளாறு!

அவர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. "நீதானே வீட்ல படிக்கிறவன், படிச்சுச் சொல்லு" என்று அப்பா என்னிடம் நீட்டினார். மெட்டபாலிக் போன் டிசீஸ், ஹைப்போவைட்டமினோசிஸ் ஏ என்று இரண்டு பெயர்கள். படித்துவிட்டேன்; ஆனால் அர்த்தம் சொல்ல இரண்டு நாள் நூலகத்தில் உட்கார வேண்டியிருந்தது. அதைத்தான் கீழே தருகிறேன்.

ஓடு என்பது எலும்பே

ஆமையின் ஓடு அது போட்டிருக்கும் சட்டை அல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றாக இணைந்து அகன்று உண்டானதே மேலோடு. எனவே எலும்புக்கு வரும் நோய் ஓட்டுக்கும் வரும்.

எலும்புக்குக் கால்சியம் தேவை. ஆனால் கால்சியம் தின்றால் மட்டும் போதாது. குடலிலிருந்து அது இரத்தத்தில் சேர வைட்டமின் டி வேண்டும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் (ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரை) தோலில் படும்போது அங்கே வைட்டமின் டி-3 உண்டாகிறது. பிறகு ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்து வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது. வெயில் இல்லையென்றால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகும்.

அப்போது உடம்பு என்ன செய்கிறது? இதயமும் தசைகளும் இயங்க இரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். எனவே பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்க வைக்கிறது. வருமானம் இல்லாத குடும்பம் வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்து விற்றுச் சாப்பிடுவது போல! ஆமையின் ஓடு மெத்தென்று ஆனதற்கு இதுவே காரணம்.

டியூப் லைட்டில் வெயில் உண்டா?

"வெளிச்சம்தான் இருந்ததே" என்று கேட்கலாம். இங்கேதான் நம் துறைப் பாடம் வருகிறது. டியூப் லைட்டுக்குள் பாதரச ஆவி 253.7 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. உட்புறம் பூசிய பாஸ்பர் அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. மிச்சத்தைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. எல்.இ.டி. பல்பில் நீல ஒளியும் அதை மாற்றும் மஞ்சள் பாஸ்பரும்தான். புற ஊதா பி கிடையாது. ஜன்னல் கண்ணாடியும் இந்தக் கதிரைத் தடுக்கும். ஆகவே கண்ணாடித் தொட்டியை மூடிய ஜன்னலோரம் வைத்து, "வெயில் படுது" என்று திருப்திப்படுவதில் பயனில்லை.

இதே விஷயம் மனிதருக்கும் பொருந்தியது வரலாறு. 1919-இல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு மென்மையான குழந்தைகளைப் பாதரச விளக்கின் கதிரில் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். அந்த விளக்கு குவார்ட்ஸால் ஆனது. குவார்ட்ஸ் புற ஊதாவை விடும், சாதாரணக் கண்ணாடி விடாது. ஊர்வனவற்றுக்கென்றே இப்போது தனி டியூப்கள் விற்கின்றன. பார்க்க எரிந்துகொண்டிருந்தாலும் நாளாக ஆக அவற்றின் புற ஊதா குறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

கண் ஏன் மூடியது?

இது வைட்டமின் ஏ குறைபாடு. கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உட்தோல் தடித்து, குழாய்கள் அடைபட்டு, இமை வீங்குகிறது. ஆமை இரையைப் பெரும்பாலும் பார்த்தே பிடிக்கும். கண் தெரியாததால் சாப்பிடாது. சாப்பிடாததால் சத்து மேலும் குறையும். மீன் மருந்து ஊற்றினால் இது தீராது. அதற்காக நாமே வைட்டமின் ஊசி போடவும் கூடாது. ஏ அளவுக்கு மீறினால் தோல் உரிந்துவிடும்.

நான்காவது கேள்வியான மேடைக்கும் காரணம் உண்டு. ஆமை குளிர் இரத்தப் பிராணி. தன் சூட்டை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸும், ஏறிக் காயும் இடம் 32 டிகிரிக்குக் குறையாமலும் இருப்பது நல்லது. சூடு குறைந்தால் ஜீரணம் நிற்கும், நோய் எதிர்ப்பும் குறையும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ நுரையீரல் நோயாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

செய்தது என்ன?

டாக்டர் வாராவாரம் ஊசி போட்டார். வீட்டில் அகலத் தொட்டி, ஏறி உட்கார ஒரு செங்கல். தினமும் காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடி வெயில். தொட்டியின் பாதிக்குப் பலகை போட்டு நிழல் விட்டோம். சின்னத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துப் போனால் ஆமை செத்துவிடும். தீனியாக முள்ளோடு சிறு மீன், மண்புழு, கீரை, துருவிய கேரட். கொறிக்கக் கணவாய் ஓடு.

ஒன்பதாம் நாள் ஒரு கண் திறந்தது. மூன்றாம் வாரம் தானாகச் சாப்பிட்டது. இரண்டு மாதத்தில் ஓடு கெட்டியானது. ஆனால் வளைந்த ஓரம் நிமிரவில்லை. "அது இனி நிமிராது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சப்ளை திரும்பி வந்தாலும் எரிந்துபோன காயில் தானாகச் சரியாகாது அல்லவா!

குளத்தில் விட்டால் புண்ணியமா?

இல்லவே இல்லை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையின் இனமும் உண்டு. நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது பிடுங்கிக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகள் 1997-இல் இதன் இறக்குமதியை நிறுத்தின.

இன்னொன்று, ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்குத் தொற்றியதால் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை 1975-இல் தடை செய்யப்பட்டது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள்.

நண்பர்களே, ஆமை மட்டுமல்ல, கிளி, மீன், முயல் எதுவானாலும் வீட்டுக்கு வந்த புதிதில் புரியாத நோய் கண்டால், மருந்துக் கடைக்கு ஓடும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: தீனி, வெளிச்சம், சூடு, இடம். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். வாயில்லாத ஜீவன் சொல்ல முடியாததைப் பாதிக்கு மேல் அந்தத் தாள் சொல்லிவிடும்.