பைக்குக்கு அகலமான டயர் போடலாமா? டயரைப் பார்க்கும் முன் ரிம்மைப் பாருங்கள்

பின் டயர் தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை டயர் கடைக்குப் போகிறீர்கள். "அண்ணே, இதைவிட ஒரு சைஸ் பெருசா போட முடியுமா?" என்று கேட்கிறீர்கள். "தாராளமா போடலாங்க, எல்லாரும் அதான் போடுறாங்க" என்று பதில் வருகிறது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பின்னாலிருந்து பார்த்தால் பைக் கெத்தாகவும் இருக்கும்.

ஆனால் அந்த உரையாடலில் ஒரு கேள்வி விட்டுப்போய்விட்டது: உங்கள் பைக்கின் ரிம் எவ்வளவு அகலம்? அதைக் கேட்காமல் அகலமான டயர் போட்டால், கூடுதல் பணம் கொடுத்து, கம்பெனி டயரைவிட மோசமான பிடிமானத்தை வாங்கி வரக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

டயரில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன?

150 முதல் 200 சிசி வரையிலான பல பைக்குகளில் பின்னால் 130/70-17 டயர் இருக்கும். இதில் 130 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவீதம், அதாவது 91 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இந்த மூன்றிலும் ரிம்மின் அகலம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது ரிம்மின் மேலேயே இருக்கும். அலாய் வீலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பார்த்தால் '17 x எம்டி 3.50' என்பது போல வார்த்திருப்பார்கள். கடைசியில் உள்ள 3.50தான் ரிம்மின் அகலம், அங்குலத்தில்.

140 டயர் எப்போதும் 140 தானா?

இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். டயரில் எழுதியிருக்கும் அகலம், ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள ரிம்மில் மாட்டி அளந்தது. 140/70-17 டயருக்கு அந்த அளவு 4 அங்குலம். 3.5 முதல் 4.5 அங்குலம் வரையிலான ரிம்மில் அதை மாட்டலாம்.

ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. குறையும் என்பது டயர் துறையில் உள்ள பொதுக் கணக்கு. 3 அங்குல ரிம்மில் 140 டயரை மாட்டினால் சுமார் 10 மி.மீ. போய்விடும். அதாவது 140-க்குப் பணம் கொடுத்துவிட்டு 130 ஓட்டுகிறீர்கள்.

அகலம் குறைந்தால் போகட்டும், வேறென்ன பிரச்சினை?

வடிவம் கெடுவதுதான் பெரிய பிரச்சினை. டயரின் இரண்டு ஓரங்களும், அதாவது பீடு, ரிம்மில் உட்காருகின்றன. ரிம் குறுகலாக இருந்தால் இரண்டு ஓரங்களும் நெருங்கி வரும். பக்கச்சுவர்கள் உள்ளே இழுபடும், நடுப்பகுதி மேலே எழும்பும். மென்மையான வளைவாக இருக்க வேண்டிய டயர், முட்டையின் கூர்முனை மாதிரி ஆகிவிடும்.

விளைவு? நேராகப் போகும்போது தரையைத் தொடும் பகுதி நடுவில் ஒரு குறுகிய பட்டையாகச் சுருங்கும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும். வளைவில் சாயும்போது பைக் சீராகச் சாயாமல் சட்டென்று விழுவது போல இருக்கும். டயரைத் தயாரித்தவர் எந்த வடிவத்தை நினைத்து ரப்பரை அமைத்தாரோ, அந்த வடிவம் அங்கே இல்லை. மழையில், திடீர் பிரேக்கில் இதன் வித்தியாசம் தெரியும்.

பீடு சரியாக உட்காராவிட்டால் ட்யூப்லெஸ் டயரில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கவும் கூடும்.

ரிம் பொருந்துகிறது. அப்புறம் கவலை இல்லையா?

இன்னும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உயரம். 130/70-17 டயரின் மொத்த விட்டம் சுமார் 614 மி.மீ. 140/70-17 போட்டால் 628 மி.மீ. ஆகும், சுமார் 2.3 சதவீதம் அதிகம். உங்கள் பைக்கில் வேகத்தை அளக்கும் சென்சார் பின் சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ இருந்தால், மீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். மீட்டரில் 80 என்றால் முன்பைவிட சுமார் 2 கி.மீ. கூடுதல் வேகத்தில் போகிறீர்கள். சென்சார் முன் சக்கரத்தில் இருந்தால் இந்த மாற்றம் வராது. சரி, 150/60-17 போட்டால்? விட்டம் 612 மி.மீ., கிட்டத்தட்ட பழைய உயரமே. ஆனால் அது 4 அங்குலம் அளவுள்ள ரிம்மில் போட வேண்டிய டயர். உயரத்தைக் காப்பாற்றப் போனால் ரிம் இடிக்கிறது.

இரண்டாவது, இடைவெளி. செயின், ஸ்விங் ஆர்ம், மட்கார்டு ஆகியவற்றுக்கும் டயருக்கும் நடுவே இடம் வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்தால் போதாது. பின்னால் ஒருவரை உட்காரவைத்து, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் பாருங்கள். வேகத்தில் டயர் சற்று விரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, எடை. அகலமான டயர் பொதுவாகக் கனம் கூட. பிக்கப் மந்தமாகும், மைலேஜ் கொஞ்சம் குறையும். அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க, பைக்கைக் கூடுதலாகச் சாய்க்கவும் வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ரோட்டில் யார் குனிந்து டயர் சைஸைப் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் போடும்போது சர்வேயர் பார்ப்பார். ஓனர்ஸ் மேனுவலில் தயாரிப்பாளரே மாற்று அளவைக் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால், அது ஒரு கேள்வியாக வர இடமிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

உங்களுக்கு வேண்டியது பிடிமானம் என்றால், அதே சைஸில் நல்ல ரப்பர் கலவை உள்ள டயரை வாங்குங்கள். பெரும்பாலான பைக்குகளுக்கு இதுதான் சிறந்த அப்கிரேடு. கூடவே வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள். செலவே இல்லாமல் பிடிமானம் கூடும்.

லுக்தான் வேண்டும் என்றாலும் தப்பில்லை. ஒரு சைஸ் கூட்டுவதோடு நிறுத்துங்கள். கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்: ரிம்மின் அகலம்; அந்த டயருக்கு அதைத் தயாரிக்கும் நிறுவனம் சொல்லும் ரிம் வரம்பு; செயின் பக்கம் இருக்கும் இடைவெளி; பழைய டயரின் லோடு இண்டெக்ஸும் வேகக் குறியீடும். புதிய டயரில் கடைசி இரண்டும் பழையதைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது.

உங்கள் ரிம், அந்த டயருக்குச் சொல்லப்பட்ட வரம்புக்குள் வரவில்லையா? "எல்லாரும் போடுறாங்க" என்று கடையில் சொன்னாலும், "பழைய சைஸே போடுங்க அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.