205 மீட்டர்னா எவ்வளவு ஆழம்? யமுனையை அளக்கும் டெல்லி ‘இரும்புப் பாலம்’

மழைக்காலம் வந்தால் போதும், டெல்லிச் செய்திகளில் இந்த வரி தவறாமல் வரும்: ‘பழைய ரயில் பாலத்தில் யமுனை அபாய அளவான 205.33 மீட்டரைத் தாண்டியது.’ அவ்வளவு ஆழமா என்று பதற வேண்டாம். அது ஆழமே இல்லை, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். சரி, அது எந்தப் பாலம்?

எப்போ கட்டினாங்க?

1863-ல் வேலையைத் தொடங்கி 1866-ல் முடித்தது கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி. அதுவரை கொல்கத்தா பக்கமிருந்து வரும் ரயில் பாதை யமுனையின் கிழக்குக் கரையோடு நின்றது. பாலம் வந்தபின் ரயில் ஆற்றைத் தாண்டி, சலீம்கர் கோட்டையை ஊடுருவி நகருக்குள் நுழைந்தது. மொத்தம் 12 கண்கள், ஒவ்வொன்றும் 202.5 அடி. மேல் தளத்தில் ரயில், கீழ் தளத்தில் சாலை. 1913-ல் இரண்டாவது தண்டவாளம் சேர்ந்தது. மக்கள் வைத்த பேர் ‘லோஹே கா புல்’, அதாவது இரும்புப் பாலம்.

எப்படித் தாங்குது?

இது ‘டிரஸ்’ வகைப் பாலம். நாலு கம்பியைச் சதுரமாக முடுக்கி ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாக முடுக்கிப் பாருங்கள், அசையாது. அந்த முக்கோணங்களின் வரிசைதான் டிரஸ். ரயிலின் எடை சில கம்பிகளை இழுக்கும், சிலவற்றை அழுத்தும், கடைசியில் தூண்களில் போய் இறங்கும். குறைந்த இரும்பில் நீண்ட இடைவெளியைத் தாண்ட முடிவது இதனால்தான்.

இங்கே ஏன் அளக்குறாங்க?

ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அளந்தால்தான் வெள்ளங்களை ஒப்பிட முடியும். இங்கே 204.50 மீட்டர் எச்சரிக்கை, 205.33 அபாயம், 206-ஐத் தொட்டால் தாழ்வான பகுதி மக்களை வெளியேற்றுவார்கள். ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறக்கும் தண்ணீர் டெல்லிக்கு வரச் சுமார் 2 முதல் 3 நாள் ஆகும். ஆற்றங்கரைக் குடிசைவாசிகளுக்கும் விவசாயிகளுக்கும் அதுதான் அவகாசம்.

2023-ல் என்ன ஆச்சு?

1978 வெள்ளத்தில் இங்கே பதிவான உச்சம் 207.49 மீட்டர். அப்போது மேலே திறந்துவிட்ட தண்ணீர் சுமார் 7 லட்சம் கனஅடி. 2023 ஜூலையில் ஹத்னிகுண்டிலிருந்து வந்தது சுமார் 3.59 லட்சம் கனஅடிதான். ஆனால் பாலத்தில் பதிவானது 208.66 மீட்டர்! ஏறக்குறைய பாதித் தண்ணீர், ஒரு மீட்டருக்கும் மேல் கூடுதல் உயரம். படிந்த வண்டல், வெள்ளச் சமவெளி ஆக்கிரமிப்பு, ஐ.டி.ஓ. தடுப்பணையில் திறக்க முடியாமல் சிக்கிய மதகுகள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பாலத்தில் ரயில்களும் நிறுத்தப்பட்டன.

மாற்றுப் பாலம்?

2003-ல் வேலை தொடங்கியது. பாதை சலீம்கர் கோட்டை வழியாகப் போவதைத் தொல்லியல் துறை எதிர்க்க, பாதையை மாற்றுவதிலேயே ஆண்டுகள் ஓடின. பாலம் பழசானால் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். ஆறு பரவுவதற்கான இடத்தை அடைத்துவிட்டால், அடுத்த வெள்ளத்தில் அதே அளவுகோல் இன்னும் பெரிய எண்ணைத்தான் காட்டும்.