ஏழைகள் எழுதிய சாசனம்

தேர்தல் நாளன்று வாக்குச் சாவடிக்குச் சென்று, வாக்குச் சீட்டில் புள்ளடியிட்டு, அதனை மடித்துப் பெட்டியில் இட்டுவிட்டு வீடு திரும்புகின்றோம். சில நிமிடங்களில் முடிந்துவிடும் காரியம் இது. ஆயின், இச்சிறு காரியத்தைச் செய்யும் உரிமைக்காகச் சிறை சென்றோரும், நாடு கடத்தப்பட்டோரும், குண்டடிபட்டு மாண்டோரும் உளர். பாராளுமன்றங்களின் தாய் எனப் போற்றப்படும் பிரித்தானியாவிலேயே இது நிகழ்ந்தது. அவர்களைச் சரித்திரம் ‘சார்ட்டிஸ்டுகள்’, அதாவது சாசனவாதிகள், என அழைக்கின்றது.

மூடிய கதவு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் பாராளுமன்றம் பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் மன்றமாகவே இருந்தது. குடிசனமற்ற மேடாகிவிட்ட ஓல்ட் சாரம் என்ற தொகுதிக்கு இரண்டு அங்கத்தவர்கள். பஞ்சாலைகள் நிறைந்த மான்செஸ்டர் நகருக்கோ ஒருவருமில்லை. 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் இந்த அவலத்தை ஓரளவு நீக்கிற்று. அச்சட்டத்துக்காகத் தொழிலாளரும் போராடினர். ஆனால், பலன் கிடைத்தபோது, நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண் பெறுமதியுள்ள வீட்டில் வாழும் ஆண்களுக்கே வாக்கு என வரையறுக்கப்பட்டது. வியாபாரிக்கும் ஆலை முதலாளிக்கும் கதவு திறந்தது. நெசவாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அது மூடியே கிடந்தது.

இரண்டாண்டுகளின் பின் புதிய வறியோர் சட்டம் வந்தது. உதவி வேண்டி நின்ற ஏழைகள், கணவன் ஒரு பக்கம், மனைவி மறு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம் எனப் பிரிக்கப்பட்டுச் சிறை போன்ற விடுதிகளில் அடைபட நேர்ந்தது. சட்டம் இயற்றும் இடத்தில் தமக்கொரு குரல் இல்லாதவரை இத்துன்பம் தீராதெனத் தொழிலாளர் உணர்ந்தனர். வாக்குரிமை என்பது வயிற்றுப்பாட்டின் பிரச்சினையே என 1838இல் ஜோசப் ரேனர் ஸ்டீபன்ஸ் என்ற மதகுரு முழங்கியதன் காரணம் இதுவே.

ஆறு கோரிக்கைகள்

1836இல் இலண்டன் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் வில்லியம் லவெட் என்ற தளபாடத் தச்சர். அவரும் தோழர்களும் வரைந்த ‘மக்கள் சாசனம்’ 1838 மே மாதத்தில் வெளியாயிற்று. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்கள் யாவருக்கும் வாக்கு, இரகசிய வாக்கெடுப்பு, அங்கத்தவராவதற்குச் சொத்துத் தகுதி வேண்டாமை, அங்கத்தவர்க்குச் சம்பளம், சம அளவான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் என்பனவே அதன் ஆறு கோரிக்கைகள்.

ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. அக்காலத்தில் வாக்காளர் தம் தெரிவை யாவரும் அறியப் பகிரங்கமாகவே கூறவேண்டும். முதலாளிக்கு எதிராக வாக்களித்தவன் மறுநாள் வேலை இழக்கலாம். குடியிருந்த வீட்டையும் இழக்கலாம். சம்பளம் இல்லாவிடில் உழைத்துண்பவன் எவனும் பாராளுமன்றத்தில் அமர இயலாது.

பெண்களும் இவ்வியக்கத்தில் சங்கங்கள் அமைத்தனர், ஊர்வலம் சென்றனர், கையொப்பம் திரட்டினர். ஆயினும், சாசனம் அவர்களுக்கு வாக்குக் கேட்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

மகஜரும் துப்பாக்கியும்

1839இல் சுமார் பன்னிரண்டு இலட்சத்து எண்பதாயிரம் கையொப்பங்களுடன் முதலாவது மகஜர் பாராளுமன்றம் சென்றது. அதனை ஆராய்வதற்கே 235 பேர் மறுத்தனர். ஆதரித்தோர் 46 பேர் மட்டுமே. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகருக்குச் சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தனர். வெஸ்ட்கேட் ஹோட்டலில் நின்ற படையினர் சுட்டதில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான ஜோன் புரொஸ்ட் முன்னர் அந்நகரின் மேயராகவும் நீதவானாகவும் இருந்த புடைவை வியாபாரி. அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை மாற்றப்பட்டு, இன்று தஸ்மேனியா எனப்படும் தீவுக்கு அவர் நாடு கடத்தப்பட்டார்.

1842இல் இரண்டாவது மகஜர் முப்பத்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் தாங்கி வந்தது. சபையின் வாயிலுக்குள் நுழையாத அளவு பெரிதாயிருந்தமையால் அதனைப் பிரித்தே உள்ளே கொண்டுசென்றனர். இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்ட அதே மெக்காலே எழுந்து, யாவருக்கும் வாக்களித்தால் சொத்துரிமையும் நாகரிகமும் அழியுமென வாதிட்டார். 287க்கு 49 என மகஜர் வீழ்ந்தது.

1848 ஏப்ரல் 10ஆம் திகதி இலண்டன் கெனிங்டன் வெளியில் பெருங்கூட்டம் கூடிற்று. அரசாங்கம் விக்டோரியா மகாராணியாரை வைட் தீவுக்கு அனுப்பிவிட்டு, தலைநகரின் காவலை முதிய வெலிங்டன் பிரபுவிடம் ஒப்படைத்தது. ஊர்வலம் தேம்ஸ் நதியைக் கடக்கக் கூடாதெனத் தடுக்கப்பட்டது. தலைவர் பியர்கஸ் ஓ’கொனர் இணங்கினார்; மூன்றாவது மகஜர் வாடகை வண்டிகளிலே சென்றது. கையொப்பங்கள் ஐம்பத்தேழு இலட்சம் என அவர் கூறியிருந்தார். சபை எழுதுவினைஞர்கள் எண்ணியபோது இருபது இலட்சம்கூட இல்லை; மகாராணியாரின் பெயரும் வெலிங்டனின் பெயரும் போலியாக எழுதப்பட்டிருந்தன. உண்மையாகக் கையொப்பமிட்ட ஏழைகளும் அந்த நகைப்பிலே மறக்கப்பட்டனர்.

அவ்வூர்வலத்தை ஒழுங்கு செய்தோருள் வில்லியம் கபே என்ற தையற்காரரும் ஒருவர். அவருடைய தந்தை மேற்கிந்தியத் தீவொன்றில் அடிமையாயிருந்தவர். அதே ஆண்டில், ஒற்றர்களின் சாட்சியத்தைக் கொண்டு அவருக்கும் நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது; அவரும் தஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். 1856இல் மன்னிப்புக் கிடைத்தும் அங்கேயே தங்கி உழைத்து, 1870இல் வறியோர் விடுதியொன்றில் இறந்தார்.

தோல்வியின் அறுவடை

1858இல் கடைசி மாநாட்டுடன் இயக்கம் ஓய்ந்தது. அதே ஆண்டில் சொத்துத் தகுதி நீங்கிற்று. 1872இல் இரகசிய வாக்கெடுப்பும், 1885இல் ஏறக்குறையச் சமமான தொகுதிகளும், 1911இல் அங்கத்தவர் சம்பளமும் வந்தன. 1918இல் வயது வந்த ஆண்கள் யாவரும் வாக்குப் பெற்றனர். பெண்கள் ஆண்களுக்குச் சமமாக அதனைப் பெற்றது 1928இல். ஆறு கோரிக்கைகளில் ஐந்து நிறைவேறின. ஆண்டுதோறும் தேர்தல் மட்டும் வரவில்லை.

அதன் பின் மூன்றே ஆண்டுகளில், 1931இல், இலங்கையில் ஆண்களும் பெண்களும் சர்வசன வாக்குரிமையுடன் வாக்களித்தனர். கபே போன்றோர் சாகும்வரை கண்டிராத உரிமை அது. எனினும், கிடைத்த உரிமை என்றும் நிலைக்குமென எண்ணிவிடல் ஆகாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. அதனை மீட்கப் பல தசாப்தங்கள் சென்றன. புள்ளடியிடும் பென்சிலின் பாரம் எவ்வளவு என்பதை, அது கைக்கு எட்டாதிருந்தவர்களே நன்கறிவர்.