மிதித்தால் ஓடும் நீர்மூழ்கி – உள்ளே முழுக்கத் தண்ணீர்!

நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பெரிய இரும்புச் சுவர், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரக்கூடாது, கோடிக்கணக்கில் செலவு. ஆனால் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்து, சைக்கிள் மாதிரி மிதித்து ஓட்டுகிற நீர்மூழ்கிகளும் இருக்கின்றன. ஓட்டுகிறவர் படுத்திருக்கும் இடம் முழுக்கத் தண்ணீர்தான்! ஓட்டை விழுந்து வந்த தண்ணீர் இல்லை, வேண்டுமென்றே விட்ட தண்ணீர்.

ஏன் அப்படி? அதற்கு ஒரு பழைய சோகக் கதை தெரிய வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹன்லி என்று ஒரு நீர்மூழ்கி இருந்தது. சுமார் 40 அடி நீளம், இரும்பு உடம்பு, இன்ஜின் கிடையாது. உள்ளே 7 பேர் வரிசையாக உட்கார்ந்து கையால் ஒரு நீளமான கம்பியைச் சுற்றுவார்கள், பின்னால் விசிறி சுழலும். 1863 ஆகஸ்டில் மூழ்கி 5 பேர் இறந்தார்கள். தூக்கி எடுத்து மறுபடி ஓட்டினார்கள். அக்டோபரில் மூக்கு சேற்றில் குத்தி 8 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அந்தக் கப்பலின் பெயருக்குக் காரணமான ஹொரேஸ் ஹன்லியே! மறுபடியும் தூக்கினார்கள். 1864 பிப்ரவரி 17 அன்று அது ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது, ஆனால் தானும் திரும்பவில்லை. இன்னும் 8 பேர். மொத்தம் 21 உயிர். 2000-ஆம் ஆண்டில்தான் அதைக் கடலிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

மூடியைத் திறந்து நீந்தி வந்திருக்கலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் எடை அழுத்துகிறது. அரை மீட்டருக்கு அரை மீட்டர் மூடி, வெறும் 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 500 கிலோ! பத்து சிமெண்ட் மூட்டையை அடுக்கி வைத்த கதவை உள்ளேயிருந்து யாரால் தள்ள முடியும்? ஆனால் உள்ளேயும் தண்ணீர் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஒரு கையால் தள்ளினால் திறந்துவிடும். அதனால்தான் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள்.

செலவு குறைவதும் இதனால்தான். அழுத்தத்தைத் தாங்கும் கனமான சுவர் தேவையில்லை. இதை நானும் என் தோழியும் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துச் செய்து பார்த்தோம். காலி பாட்டிலை மூடி அமுக்கினால் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது! அதை மூழ்கடிக்க ஏறக்குறைய ஒரு கிலோ எடை அளவுக்கு அமுக்க வேண்டும். அதே பாட்டிலில் தண்ணீரை நிரப்பினால் மெதுவாகத்தான் இறங்கும். கொஞ்சூண்டு தெர்மாகோலை ரப்பர் பேண்டால் கட்டினால் மேலேயும் வராது, கீழேயும் போகாது, நடுவில் சும்மா நிற்கும். மாணவர்களின் நீர்மூழ்கியும் அப்படி நிற்பதுதான். மேலே நுரைத் துண்டு, கீழே ஈயக்கட்டி. தஞ்சாவூர் பொம்மை அடிகனத்தால் நிமிர்கிற மாதிரி, விசிறி ஒரு பக்கம் சுழலும்போது உடம்பு மறுபக்கம் புரண்டுவிடாமல் அந்த ஈயம் பிடித்துக்கொள்கிறது.

மற்ற சாமான்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். நுரையைச் செதுக்கி மீன் வடிவ அச்சு, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியும் பிசினும் (நம்ம கடற்கரை பைபர் படகு மாதிரியே). சைக்கிள் பெடல், பல்சக்கரம், சுக்கான் இழுக்க பிரேக் ஒயர், முன்னால் பிளாஸ்டிக் கண்ணாடி. அவ்வளவுதான்!

வேகம்தான் கஷ்டம். இரண்டு மடங்கு வேகம் வேண்டுமென்றால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகும். அதே நேரத்தில் இரண்டு மடங்கு தூரமும் போக வேண்டுமே, ஆகவே எட்டு மடங்கு சக்தி வேண்டும். காலில் அவ்வளவு பலம் ஏது? அதனால் உடம்பை எவ்வளவு ஒல்லியாக, வழுவழுப்பாகச் செய்யலாம் என்றுதான் மண்டையைக் குடைகிறார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தானே இழுக்க வேண்டும்! 1989-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், கடலில், இதற்கான முதல் போட்டி நடந்தது. 1995-இல் மேரிலாந்தில் கடற்படையின் நீளமான சோதனைத் தொட்டிக்கு மாற்றினார்கள். கனடா நாட்டு மொன்றியல் மாணவர்கள் செய்த ஓமர் 5, இரண்டு பேர் உள்ளே இருந்து ஓட்டுவது, 2007-இல் 8.035 நாட் வேகம் போனது. மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர். நாம் சைக்கிளில் பள்ளிக்கு வருகிற வேகம்தான், ஆனால் தண்ணீருக்கு அடியில்!

சரி, மூச்சு? கிணற்றில் பப்பாளிக் குழலை வாயில் வைத்து மூழ்குகிற பசங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நெஞ்சு ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால் அதன்மேல் கிட்டத்தட்ட 90 கிலோ அழுத்துகிறது, ஏன்னா குழலில் வருவது மேலே உள்ள சாதாரணக் காற்று. நெஞ்சு விரியவே விரியாது. ஸ்கூபா சிலிண்டரில் உள்ள கருவி, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கிறது. ஆனால் அதிலும் ஓர் ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சு மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் முறையாகப் பயிற்சி எடுத்தவர்களைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. ஓட்டுகிறவர் ஒரு கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மயக்கம் வந்தாலோ பயந்துவிட்டாலோ கை தானாக நழுவும். உடனே கயிறு கட்டிய ஒரு மிதவை விடுபட்டு மேலே வரும். அதைப் பார்த்ததும் பந்தயம் நின்றுவிடும். தண்ணீரில் காத்திருக்கும் முக்குளிப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வெளிப்பக்கத்திலிருந்தும் திறக்கக்கூடிய அந்த மூடியைத் திறந்து ஆளை வெளியே எடுத்துவிடுவார்கள்.