கோணல் பலகைக்கு ஒரு குட்டி மெஷின்!

கல்வராயன் மலைக்குப் போய், மேகம் அருவியில் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பங்களைப் பார்க்கிற பையன்களுக்கு ஒரு வியாதி தொற்றிக்கொள்கிறது. 'நாமளும் மரத்துல ஏதாவது செஞ்சா என்ன?'

தாராளமாகச் செய்யலாம் சார்! ஆனால், 2021-ல் புவிசார் குறியீடே வாங்கிய அந்த மரச்சிற்பக்காரர்களுக்கு உளியும் கொட்டாப்புளியும் தினசரிப் பிழைப்பு. நமக்கோ வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறு! ஆகவே, மெஷின் தேவைப்படுகிறது.

முதலில் மரம். மலையில் சும்மா கிடக்கிறதே என்று கட்டையைத் தூக்கி வந்தால், வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். மரவாடியில் பில் போட்டு வாங்குங்கள். அங்கே சமர்த்தாக இருந்த பலகை, வீட்டுக்கு வந்து ஈரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும் - மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி! மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வளையத்தை ஒட்டிய போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல சுமார் இரண்டு மடங்கு.

என் நண்பன் ஒருத்தன் அவசரப்பட்டு 'திக்னஸ் பிளேனர்' வாங்கிவிட்டான். "என்னடா ஆச்சு?" என்றேன்.

"கோணல் பலகையை உள்ளே விட்டேன் மச்சி. வழவழன்னு... கோணலாவே வந்துது!"

வராதா பின்னே? அந்த மெஷின், பலகையின் அடிப்பக்கம் எப்படியோ அப்படியே மேல்பக்கத்தையும் சீவும். நான் பி.காம். என் பாஷையில் சொன்னால், ஓபனிங் பேலன்ஸே தப்பு! முதல் பக்கத்தைச் சமமாக்கி, விளிம்பை அதற்கு நேர் செங்குத்தாக்குவதற்கென்றே இருப்பதுதான் ஜாயின்ட்டர். நம் ஊர்க் கடைகளில் 'சர்ஃபேஸ் பிளேனர்' என்று கேளுங்கள்.

வாங்கும்போது மோட்டாரின் ஹெச்.பி.யைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு.

மேஜை நீளம்: மொத்த நீளத்தைப்போல இரண்டு மடங்கு பலகை வரை சமாளிக்கலாம். 30 அங்குல மேஜை என்றால், 5 அடி.

பிளேடு அகலம்: 6 அங்குல பிளேடுக்கு 6 அங்குலப் பலகைதான். அதற்கு மேல் இழைப்புளியைத் தேட வேண்டும்.

நேர்த்தி: பிளேடுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மேஜைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, நேரான இரும்புப் பட்டையைக் குறுக்கே வையுங்கள். வெளிச்சம் ஒழுகினால் அடுத்த கடை! பக்கத் தடுப்பில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். திருகி இறுக்கிய பிறகும் தடுப்பு ஆடினால் வேண்டவே வேண்டாம்.

சத்தம்: இண்டக்ஷன் மோட்டார் கனமானது, ஆனால் சாது. சின்ன மெஷின்கள் பலவற்றில் வரும் கார்பன் பிரஷ் மோட்டார் போடும் கூச்சலுக்கு, மாடிக்காரர் கீழே இறங்கி வந்துவிடுவார்.

ஒரே ஒரு டேபிளுக்காக என்றால் மெஷினே வேண்டாம். பட்டறையில் கூலி கொடுத்து இழைத்து வாங்கிக்கொள்வது லாபம்.

வாங்கியே தீருவேன் என்றால்... பலகையின் குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும். ஒரு தடவைக்கு முக்கால் மில்லிமீட்டர் சீவினால் போதும். ஓர் அடிக்குக் குறைந்த துண்டை விடாதீர்கள். கையுறை போடாதீர்கள், பிளேடு அதைக் கையோடு இழுத்துவிடும். பலகையைத் தள்ளுவதற்குக் கைப்பிடிக் கட்டை வேண்டும். முகமூடியும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது.

மாசம் பிறந்தால் சம்பளம் எண்ணப் பத்து விரலும் வேணுமில்லையா!